நேரில் மாற்றுவதா, தபாலில் அனுப்புவதா, விற்று வாங்குவதா? யாழ்ப்பாணத்து அட்டைச் சேகரிப்பாளருக்கு ஓர் ஒப்பீடு

பொக்கிமோன், யூ-கி-ஓ, மஜிக் போன்ற விளையாட்டு அட்டைகளையோ கிரிக்கெட், உதைபந்தாட்ட வீரர்களின் அட்டைகளையோ சேர்ப்பவர்கள், சேர்க்கத் தொடங்கிச் சில மாதங்களுக்குள்ளேயே ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஒரே அட்டை மூன்று நான்கு பிரதிகளாகக் கையில் தேங்கிக் கிடக்கும்; தொகுப்பை நிறைவு செய்யவேண்டிய அட்டை மட்டும் வேறொருவரிடம் இருக்கும். அந்த வேறொருவர் கொக்குவிலில் இருந்தால் சிக்கல் சிறிது. அவர் தெகிவளையிலோ ரொறொன்ரோவிலோ இருந்தால், தபாலில் அனுப்புவதா, ஆவணியில் ஊருக்கு வரும் மாமாவின் பையில் வரவழைப்பதா, அல்லது இருப்பதை விற்றுவிட்டு வேண்டியதைப் பணம் கொடுத்தே வாங்குவதா என்ற கேள்வி எழுகிறது. புதிதாகச் சேர்ப்போரும், பிள்ளைகளின் நச்சரிப்பால் இதற்குள் இழுத்துவரப்பட்ட பெற்றோரும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதையே.

பெரும்பாலானோர் இந்தக் கேள்விக்கு அட்டையின் விலையை மட்டும் வைத்து விடை தேடுகிறார்கள். என் கணிப்பில் விலை இரண்டாவது. உங்கள் அட்டை உங்கள் கையை விட்டுப் போவதற்கு முன், மற்றவரின் அட்டையை நீங்கள் தொட்டுப் பார்க்க முடியுமா என்பதே முதற்கேள்வி. ஏனையவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

## எவற்றைக் கொண்டு அளப்பது

அட்டை உண்மையானதா. யாழ்ப்பாணத்தில் இதை முதலில் வைக்கவேண்டியிருக்கிறது. விளையாட்டுப் பொருட் கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் மலிவாகத் தொங்கும் பொக்கிமோன் பொதிகளுள் பெரும்பாலானவை போலி. தங்க நிறத்தில் மின்னும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டைக் கட்டுகள் எவ்வித ஐயமுமின்றிப் போலி. அவற்றை வாங்கிய பிள்ளை ஏமாற்றும் நோக்கத்தோடு அவற்றை மாற்றக் கொண்டுவருவதில்லை, உண்மையென்று நம்பியே கொண்டுவருகிறது. ஆகவே எதிரில் இருப்பவரின் நேர்மையை அறிந்திருப்பது மட்டும் போதாது, அட்டையையும் சோதிக்கவேண்டும்.

சோதனை கடினமானதன்று. அதே தொகுப்பைச் சேர்ந்த, உண்மையானதென்று உறுதியாகத் தெரிந்த ஒரு சாதாரண அட்டையைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். பொக்கிமோன் அட்டைகளாயின், இரண்டின் பின்புறத்தையும் அருகருகே வைத்தால் நீலத்தின் அடர்த்தி வேறுபடுவது பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும். கைபேசியின் விளக்கைப் பின்னால் பிடித்துப் பாருங்கள்: உண்மையான பொக்கிமோன் அட்டையின் தாள்களுக்கு நடுவே கருமையான ஓர் அடுக்கு இருப்பதால் வெளிச்சம் மங்கலாகவே கசியும், பல போலிகளில் அது தாராளமாக ஊடுருவும். மஜிக் அட்டைகளை உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தால் படத்தின் நிறங்கள் பூவிதழ் போன்று ஒழுங்காக அடுக்கப்பட்ட நுண்புள்ளிகளாய்த் தெரியவேண்டும். கன்னாதிட்டியில் நகைத்தொழில் செய்வோர் கல்லைப் பார்க்க வைத்திருக்கும் சிறு கண்ணாடி இதற்கு முற்றிலும் போதுமானது. யூ-கி-ஓ அட்டையின் முகப்பில் வலது கீழ் மூலையிலுள்ள சிறு மினுங்கற் சதுரத்தைக் கவனியுங்கள். ஓரத்தைக் கிழித்துப் பார்ப்பது, வளைத்துப் பார்ப்பது ஆகிய சோதனைகளை யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். உண்மையென்று தெரியவரும்போது அட்டை பழுதாகியிருக்கும்.

அட்டையின் நிலை. மூலைகளில் வெண்மை, மேற்பரப்பில் கீறல், படம் நடுவில் அமையாமை, வளைவு ஆகியவை ஒரே அட்டையின் பெறுமதியைப் பாதியாகவும் குறைக்கவல்லன. இங்கே காலநிலையும் ஒரு பங்காளி. ஹோலோ எனும் மினுங்கல் அட்டையில் தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், அதன்மேல் ஒட்டிய மினுங்கற் படலம் விரியாது. ஆகவே ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான மழைக்காலத்தில், உறையிலிடாமல் வைத்த ஹோலோ அட்டைகள் வில்லாக வளைந்துவிடுகின்றன. ஒளிப்படத்தில் அந்த வளைவு தெரிவதேயில்லை.

விலைச் சமன். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் எந்த வழியில் மாற்றினாலும் தகராறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

இலங்கை ரூபாவில் அட்டைகளுக்கு நிலையான விலைப்பட்டியல் கிடையாது. ஆதலால் சிலர் அமெரிக்கத் தளமான ரீசீஜீபிளேயரைப் பார்க்கிறார்கள், சிலர் ஐரோப்பாவின் கார்ட்மார்க்கெட்டைப் பார்க்கிறார்கள். இரண்டிலும் விலைகள் வேறு, நிலையைத் தரம்பிரிக்கும் படிநிலைகளும் வேறு. ஒருவர் டொலர் விலையையும் மற்றவர் யூரோ விலையையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசினால் இருவருமே நேர்மையாக இருந்தும் இருவருக்கும் ஏமாற்றப்பட்ட உணர்வே மிஞ்சும். மேலும், ஒருவர் விற்பனைக்கு இட்டிருக்கும் விலை வேறு, அண்மையில் உண்மையாகவே விற்ற விலை வேறு, பின்னதையே கொள்ளவேண்டும்.

இதனுடன் நமது ரூபாவின் கதையும் சேர்கிறது. 2022 இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு வைகாசிக்குள் அது 360 ரூபா அளவுக்குச் சென்றது. பின்னர் இறங்கி 300 ரூபாவை ஒட்டி நின்றது. இருபது டொலர் பெறுமதியான அதே அட்டையை ஒருவர் 4,000 ரூபாவுக்கும் இன்னொருவர் 7,200 ரூபாவுக்கும் வாங்கியிருக்கக்கூடும். இருவரும் தாம் கொடுத்த ரூபாவையே பெறுமதியென்று பிடித்துக்கொண்டு நின்றால் பேச்சு நகராது. மாற்றுக்கு அமரும் அன்று, ஒரே தளத்தை ஒரே நேரத்தில் பார்த்து, டொலரிலேயே இரு பக்கத்தையும் கூட்டிக்கொள்வதுதான் நான் கண்ட ஒரே ஒழுங்கான முறை. வித்தியாசத்தைப் பணமாகத் தீர்க்கவேண்டியிருந்தால் மட்டும் அன்றைய வீதத்தில் ரூபாவுக்கு மாற்றுங்கள்.

கிரிக்கெட் அட்டைகளுக்கு இந்த வசதி குறைவு. 1990களில் அவுஸ்திரேலியாவில் ஃபியூட்டெரா நிறுவனம் வெளியிட்ட அட்டைகளைப் போன்றவை அடிக்கடி கைமாறுவதில்லை. ஈபேயில் முடிவடைந்த விற்பனைகளைத் தேடிப் பார்த்தாலும் ஒன்றிரண்டே அகப்படும். அங்கே விலையைக் கணக்கிட முயல்வதை விட, இருவருக்கும் எது எவ்வளவு வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசுவதே பயன்தரும்.

வழியிலுள்ள ஆபத்தை யார் சுமப்பது, தவறினால் திருத்த முடியுமா. அட்டை தொலைந்தாலோ நசுங்கினாலோ நட்டம் யாருடையது என்பதை முன்கூட்டியே பேசாதவர்கள் பின்னர் பேசவேண்டிவரும். அத்துடன் யாழ்ப்பாணம் சிறிய இடம்; மாற்றில் மனக்கசப்பு வந்தவரைத் திருமண வீட்டிலும் கோயில் வீதியிலும் மீண்டும் சந்திக்கவேண்டும். இதனை ஓர் இடராகக் கருதலாம், காப்புறுதியாகவும் கருதலாம்.

தெரிவின் அகலம். எத்தனை பேரின் சேகரிப்பிலிருந்து தெரிய முடிகிறது என்பது கடைசி அளவுகோல். சுருக்கமாகச் சொன்னால், தூரம் கூடக் கூடத் தெரிவு கூடும், பாதுகாப்புக் குறையும்.

## முதல் வழி: யாழ்ப்பாணத்திலேயே நேருக்கு நேர்

மேற்சொன்ன முதலிரண்டு அளவுகோல்களிலும் இதற்கு நிகரான வழி வேறில்லை. அட்டை கையில் இருக்கிறது, விளக்கும் கண்ணாடியும் அருகில் இருக்கின்றன, ஐயம் தோன்றினால் எழுந்து போய்விடலாம். தபாற் செலவு இல்லை, காத்திருப்பு இல்லை. பெறுமதி குறைந்த அட்டைகளைப் பத்திருபதாக மாற்றுவது இவ்வழியில் மட்டுமே பொருளுடையதாகிறது. ஐம்பது ரூபா அட்டையைப் பதிவுத்தபாலில் அனுப்புவோர் இலர்.

சந்திக்கும் இடம் முக்கியம். ஆஸ்பத்திரி வீதியிலுள்ள கார்கில்ஸ் சதுக்கம் போன்ற, பொதுமக்கள் நடமாடும், வெளிச்சமும் மேசையும் உள்ள இடம் நல்லது. ரியூப் வெளிச்சத்தின் கீழ் மேற்பரப்புக் கீறல் ஒளிந்துகொள்ளும். யன்னலோரத்துப் பகல் வெளிச்சத்தில் அட்டையைச் சாய்த்துப் பார்த்தால் வெளிப்படும். மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள மேசையைத் தவிருங்கள் என்று சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். உறையிடாத அட்டைகளைப் பரப்பிவைத்த பின் அது வேடிக்கையாக இராது.

மறைந்திருக்கும் செலவுகளுள் முதலாவது, தெரிவின் குறுக்கம். இங்கே ஒரே காலத்தில் ஒரே தொகுப்பின் பொதிகளையே பலரும் வாங்குகிறார்கள். ஆகவே உங்களிடம் மிகையாக உள்ளது மற்றவரிடமும் மிகையாகவே இருக்கும். சில மாதங்களில் வட்டம் வற்றிவிடும். இரண்டாவது, முகத்தாட்சணியம். எதிரில் இருப்பவர் அண்ணனின் வகுப்புத் தோழராகவோ அயல்வீட்டுப் பிள்ளையாகவோ இருக்கும்போது "இந்த மூலை வெளுத்திருக்கிறது, இது சமமாகாது" என்று சொல்ல வாய் வருவதில்லை. சொல்லாமல் ஏற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்து புழுங்குவோர் பலர். நேரில் மாற்றுவது பாதுகாப்பானதுதான். ஆனால் மறுக்கத் தெரிந்தவருக்கே அந்தப் பாதுகாப்பு முழுமையாகக் கிட்டும்.

மூன்றாவது, ஒரு பெரிய அட்டைக்குப் பல சிறிய அட்டைகளைப் பெறும் மாற்று. தாளில் கூட்டினால் இரு பக்கமும் சமமாக வரும். ஆயினும் நாற்பது டொலர் அட்டை ஒன்றுக்கு எப்போதும் ஆள் கிடைக்கும். இரண்டு டொலர் அட்டைகள் இருபதைத் திரும்ப மாற்றி முடிக்க ஓராண்டு செல்லும். பெரிய அட்டையைக் கொடுப்பவர் சற்றுக் கூடுதலாகக் கேட்பது பேராசையன்று, அந்த ஓராண்டுக்கான கூலி.

## இரண்டாம் வழி: தூரத்திலிருப்பவருடன் தபாலிலோ கூரியரிலோ பஸ்ஸிலோ

கொழும்பிலும் கண்டியிலும் சேகரிப்போர் தொகை அதிகம்; அவர்களோடு மாற்றத் தொடங்கினால் வற்றிய வட்டத்தில் மறுபடியும் நீர் ஊறும். ஆனால் இங்கே அட்டையைத் தொடாமலே நம்பவேண்டியிருக்கிறது.

முதலில் யார் அனுப்புவது என்பதே தலையிடி. சேகரிப்பாளரிடையே நிலவும் வழக்கப்படி, முன்பு மாற்றிய சான்றுகள் குறைந்தவர் முதலில் அனுப்பவேண்டும். அந்த வழக்கம் நியாயமானதே, ஆனால் புதியவர் முழு ஆபத்தையும் தனியே சுமக்கிறார். இருவரும் ஒரே நாளில் அனுப்பி, பற்றுச்சீட்டின் படத்தைப் பரிமாறிக்கொள்வது நடுவழி. இருவருக்கும் தெரிந்த மூன்றாமவர் ஒருவர் கொழும்பில் இருந்தால், இரு பொதிகளும் அவரிடம் சென்று, அவர் சரிபார்த்த பின் மாறிச் செல்வது அதைவிட நல்லது. மூன்றாமவருக்கு ஒரு தேநீர்ச் செலவாவது கொடுத்துவிடுங்கள். எப்படியாயினும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்த நிலையில் இருபுறமும் எடுத்த காணொளியைக் கேட்டுப் பெறுங்கள்; அன்றைய திகதியை எழுதிய துண்டு அருகில் இருக்கட்டும். பொதியைப் பிரிக்கும்போதும் தொடர்ச்சியாகக் காணொளி எடுங்கள்.

பொதி செய்வதில் அக்கறையின்மையே அதிக அட்டைகளைக் கெடுக்கிறது. அட்டை மெல்லிய உறைக்குள், உறை டொப்லோடர் எனும் கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள், அதன் வாயில் மடித்த முனையுள்ள ஒட்டுநாடா, இருபுறமும் அப்பியாசக் கொப்பியின் பின்னட்டையிலிருந்து வெட்டிய துண்டுகள், அதன்மேல் குமிழ்ப் பொலித்தீன் என்ற ஒழுங்கு போதும். செலோடேப்பை அட்டையுறையில் நேராக ஒட்டாதீர்கள், றப்பர் பாண்டைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். பொக்கிமோன், மஜிக் அட்டைகள் 63 × 88 மில்லிமீற்றர். யூ-கி-ஓ அட்டைகள் 59 × 86 மில்லிமீற்றர். இந்தச் சிறு வேறுபாட்டை அறியாமல் யூ-கி-ஓ அட்டையைப் பெரிய உறையிலிட்டு அனுப்பினால், வழியெல்லாம் அது உள்ளே ஆடி மூலைகள் வெளுத்து வந்துசேரும்.

எதனூடாக அனுப்புவது? பதிவுத்தபாலில் பற்றுச்சீட்டும் கையொப்பமும் உண்டு; ஆனால் தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடு வரையறுக்கப்பட்டதேயன்றி அட்டையின் சந்தை விலையைப் பார்த்துத் தரப்படுவதன்று. தனியார் கூரியர் விரைவானது, பொதியின் பயணத்தைக் கைபேசியில் பின்தொடரலாம். பெறுமதியை எழுதிக் கொடுத்தாலும் ஒரு தாள் அட்டைக்கு அந்தப் பெறுமதியை ஏற்பார்களா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளவேண்டும். மூன்றாவதாக, நமக்கே உரிய வழியொன்று உண்டு. இரவு யாழ்ப்பாணத்தில் புறப்படும் கொழும்பு பஸ்ஸின் நடத்துநரிடம் பார்சலைக் கொடுத்து, பெறுபவரின் தொலைபேசி எண்ணை எழுதிவிட்டால், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து விடியலில் வெள்ளவத்தையில் அதை எடுத்துக்கொள்ளலாம். வேகத்தில் இதை எதுவும் வெல்லாது. பற்றுச்சீட்டு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை, பார்சல் எந்த மூட்டையின் கீழ் கிடக்கும் என்பதும் தெரியாது. மாம்பழத்துக்கும் பருத்தித்துறை வடைக்கும் இவ்வழி ஏற்றது. உங்களிடமுள்ள மிகச் சிறந்த அட்டைக்கு ஏற்றதன்று.

தபால் வழியின் இன்னொரு மறைசெலவைப் பலர் கவனிப்பதில்லை. பேசி முடிப்பதற்கும் அட்டை கையில் கிடைப்பதற்கும் இடையில் இரண்டு வாரம்கூடச் செல்லலாம். அதற்குள் விலை மாறிவிடும். நிறுவனம் ஓர் அட்டையை மறுபதிப்புச் செய்யப்போவதாக அறிவித்தால் பழைய பதிப்பின் விலை சரியக்கூடும். மஜிக்கில் 1996 இல் அறிவித்த ஒதுக்கப் பட்டியலிலுள்ள அட்டைகளை மறுபதிப்பதில்லை என்ற வாக்குறுதி இருப்பதால் அவை இதற்கு விலக்கு. அண்மைக்காலப் பொக்கிமோன் அட்டைகளின் இடது கீழ் மூலையில் ஓர் எழுத்து இருக்கும். போட்டிகளில் அந்த எழுத்துக்குரிய காலம் முடிந்தவுடன், விளையாடுவதற்காகவே வாங்கப்பட்ட அட்டைகளின் கேள்வி குறைந்துபோகும். அழகுக்காகச் சேர்ப்பவருக்கு இது பொருட்டன்று. விளையாடுபவருடன் மாற்றும்போது அவர் ஏன் அவசரப்படுகிறார் என்பதை அறிய அந்த மூலையை ஒருமுறை பாருங்கள்.

## மூன்றாம் வழி: வெளிநாட்டு உறவுகளின் கையில்

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களை ஒட்டி, ஆடி ஆவணி மாதங்களில், கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பிரான்ஸ், சுவிஸ் முதலிய நாடுகளிலிருந்தும் உறவினர் ஊருக்கு வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் கையில், இங்கே கிடைக்காத தொகுப்புகள் இருக்கும். போலி என்ற அச்சம் இவ்வழியில் மிகக் குறைவு, ஏனெனில் அங்குள்ள பெரிய கடைகளில் வாங்கியவையே பெரும்பாலும் வரும். கைப்பையில், அட்டைகளைச் செருகிவைக்கும் பைண்டரோடு வருவதால் நசுங்குவதும் அரிது.

எனினும் இவ்வழியை நான் இரண்டாகப் பிரிக்கிறேன். உறவினரைத் தூதுவராகக் கொள்வது ஒன்று: அங்குள்ள சேகரிப்பாளர் ஒருவரோடு நீங்களே பேசி முடித்த அட்டை, அங்கே மாமாவின் முகவரிக்குச் சென்று, அவரோடு ஊருக்கு வருகிறது. இது மிகச் சிறந்த ஏற்பாடு. காத்திருப்பு மட்டுமே செலவு. சித்திரையில் பேசியது ஆவணியில் வரும், சிலவேளை மாமாவின் விடுமுறை மறுவருடத்துக்குத் தள்ளிப்போகும், அட்டையும் அங்கேயே இருக்கும். அதுவரை எதிர்த்தரப்புக்கு உங்கள் அட்டை எப்படிப் போய்ச் சேரும் என்பதையும் நினைத்துக்கொள்ளவேண்டும்.

உறவுக்காரப் பிள்ளையோடு மாற்றுவது மற்றது. இங்கேதான் கணக்குக் குழம்புகிறது. மைத்துனன் கைநிறையக் கொடுப்பதை மாற்றென்று சொல்வதா, அன்பளிப்பென்று சொல்வதா? நீங்கள் திருப்பிக் கொடுத்த ஓர் அட்டை அங்கே அதிக விலை போவது பின்னர் தெரியவந்தால் வாய்திறக்க முடியாது; அவன் கொடுத்தது அதிக விலை போனால், பெரியம்மா அதை அடுத்த விடுமுறை வரை நினைவுபடுத்துவார். உறவினரோடு மாற்றுவதானால் மலிவான அட்டைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விலை பார்க்கவேண்டிய அட்டையை அங்கே கொண்டுபோகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

மொழியும் ஒரு மறைசெலவு. பாரிஸிலிருந்து வருவது பெரும்பாலும் பிரெஞ்சு அட்டை, சூரிச்சிலிருந்து வருவது பெரும்பாலும் ஜேர்மன் அட்டை. படமும் தொகுப்பும் ஒன்றாயிருந்தும், ஆங்கில அட்டையை விட அவை பொதுவாக மலிவு. கொழும்பில் அவற்றை மறுபடி மாற்ற ஆள் கிடைப்பதும் அரிது. ஆங்கில அட்டையின் விலையைப் பார்த்து அவற்றை ஏற்றுக்கொண்டால் நட்டம் உங்களுடையது. யப்பானியப் பொக்கிமோன் அட்டைகள் வேறு வகை: பின்புற வடிவமைப்பே வேறு, அச்சுத் தரத்துக்காக அவற்றை மட்டும் தேடிச் சேர்ப்போரும் உளர்.

## நான்காம் வழி: விற்று, வாங்குவது

மாற்று என்றால் உங்களிடம் உள்ளது அவருக்கும் அவரிடம் உள்ளது உங்களுக்கும் ஒரே வேளையில் வேண்டியிருக்கவேண்டும். பணம் இந்த நிபந்தனையை நீக்கிவிடுகிறது. உங்கள் அட்டையை எவருக்கும் விற்கலாம், வேண்டியதை எவரிடமிருந்தும் வாங்கலாம்.

ஆனால் இரண்டு முறை தேய்கிறது. நகையை விற்கும்போது கூலியும் சேதாரமும் திரும்பி வராததைப் போல, அட்டையைப் பணத்துக்குக் கொடுப்பவர் சந்தை விலையை முழுமையாகப் பெறுவதில்லை. ஐந்திலொரு பங்கோ அதற்கு மேலோ குறைத்துக் கேட்பதே வழக்கம், கடைகள் இன்னும் குறைப்பார்கள். வெளிநாட்டுத் தளத்தில் வாங்கும்போது வங்கியின் நாணய மாற்றுக் கட்டணம், அனுப்பு கூலி, சுங்கத் தீர்வை, 2024 தை முதலாந் திகதியிலிருந்து 18 வீதமாக உள்ள வற் வரி ஆகியவை குறுக்கே வரக்கூடும். பேபாலில் இலங்கையர் பணம் செலுத்த முடிந்தபோதிலும் பெறும் வசதி நெடுங்காலமாக இல்லாதிருந்தது. ஆகவே வெளிநாட்டில் விற்றுப் பணமாக்குவது இங்குள்ள பலருக்குக் கைகூடாத காரியமாகவே இருந்துவந்தது.

இத்தனைக்குப் பின்னும், பெறுமதி மிக்க ஓர் அட்டையைப் பொறுத்தவரை நான் இவ்வழியையே சொல்வேன். நூறு டொலர் அட்டையைத் தபாலில் மாற்றினால் உங்கள் அட்டையும் ஆபத்தில், மற்றவரின் அட்டையும் ஆபத்தில். நேரில் வந்து பணம் கொடுப்பவருக்கு விற்றுவிட்டால் ஆபத்து வாங்கும் பக்கத்தில் மட்டுமே எஞ்சும்; அங்கும் விற்பனைத் தளத்தின் பாதுகாப்பு ஓரளவு கைகொடுக்கும். இழக்கும் ஐந்திலொரு பங்கை அந்த நிம்மதியின் விலையென்று கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நேரில் | தபால், கூரியர், பஸ் | உறவினர் கையில் | விற்று வாங்கல் |
|---|---|---|---|---|
| போலியைக் கண்டறிதல் | மிக எளிது | காணொளியை நம்பவேண்டும் | அச்சம் குறைவு | விற்பவரைப் பொறுத்தது |
| நிலையைச் சரிபார்த்தல் | முழுமையாக முடியும் | வளைவும் கீறலும் மறையும் | பெற்ற பின்பே | பெற்ற பின்பே |
| தெரிவு | மிகக் குறுகியது | நாடு முழுவதும் | பருவத்துக்கு மட்டும் | உலகம் முழுவதும் |
| காலம் | அன்றே | ஓரிரவு முதல் இரு வாரம் | மாதக்கணக்கு | வாரக்கணக்கு |
| மறைசெலவு | முகத்தாட்சணியம் | தொலைந்துபோதல், விலை மாற்றம் | மொழி, உறவுக் கணக்கு | கழிவு, வரி, வங்கிக் கட்டணம் |

## யாருக்கு எது

பாடசாலைப் பிள்ளைகளுக்கு முதல் வழியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைப்பதில்லை. வயதில் மூத்தவரோடு மாற்றும்போது பெற்றோரில் ஒருவர் அருகிலிருக்கட்டும். மறுநாள் மாலை வரை எந்தப் பக்கமும் காரணம் சொல்லாமல் மாற்றைத் திருப்பிக்கொள்ளலாம் என்று முன்பே பேசிவைத்தால் அழுகையும் சண்டையும் பெருமளவு குறையும். அட்டைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோவதை அதிபர் தடுத்திருந்தால், அந்தத் தடையை மீற உதவ வேண்டாம்.

ஒரு தொகுப்பில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு சாதாரண அட்டைகள் குறைபவருக்குத் தபால் வழி சிறந்தது. ஒவ்வொன்றும் மலிவு, மொத்தமாகத் தொலைந்தாலும் தாங்கக்கூடிய நட்டம், ஒரே பொதியில் முடிந்துவிடும். இதை ஒருவருடன் இரண்டு மூன்று முறை செய்து நம்பிக்கை வளர்ந்த பின்பே பெரிய அட்டைகளைப் பற்றிப் பேசுங்கள். முதல் மாற்றிலேயே பெரிய அட்டையைக் கேட்டு, இன்றே அனுப்பும்படி அவசரப்படுத்துபவரோடு எந்த வழியிலும் மாற்ற வேண்டாம்.

விளையாடுவதற்காகவே சேர்ப்பவருக்கு மூன்றாம் வழி பெரும்பாலும் பயன்படாது. அவருக்கு அட்டை இப்போதே வேண்டும். ஆவணி வரை காத்திருக்கும்போது அந்த அட்டையின் காலமே முடிந்துவிடலாம். பழைய தொகுப்புகளை ஆறுதலாகச் சேர்ப்பவருக்கோ காத்திருப்பு ஒரு பொருட்டேயன்று. தூதுவராக ஓர் உறவினர் அமைந்தால் அவர் வேறு வழி தேடவும் வேண்டியதில்லை.

இனி, பீஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் ஒன்றிலிருந்து பத்து வரை புள்ளியிட்டுப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் முத்திரையிட்ட அட்டைகளைப் பற்றிக் கேட்போர் உளர். உண்மையா போலியா, நிலை என்ன என்ற இரு கேள்விகளுக்கும் மூன்றாமவர் ஒருவர் ஏற்கெனவே விடை சொல்லிவிட்டதால், தொலைவில் மாற்றத் தகுந்தவை இவையே. யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பிப் புள்ளியிடுவித்துத் திருப்பி எடுப்பது, மிக உயர்ந்த பெறுமதியுள்ள அட்டைக்கன்றிக் கட்டுபடியாகாது. ஏற்கெனவே பெட்டியிலிட்டு வந்ததை மாற்றில் பெறுவது வேறு. அப்படிப் பெறுவதாயின், முகப்பிலுள்ள சான்றிதழ் எண்ணை அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் நீங்களே தட்டச்சுச் செய்து பாருங்கள். மற்றவர் அனுப்பும் இணைப்பை அழுத்த வேண்டாம். எண் பொருந்தினாலும் போதாது, ஏனெனில் உண்மையான எண்ணையே போலிப் பெட்டியிலும் அச்சிடுகிறார்கள். தளத்தில் அந்த அட்டையின் படம் இருந்தால், அச்சு நடுவில் அமைந்திருக்கும் விதத்தையும் ஓரத்துச் சிறு புள்ளிகளையும் அதனோடு ஒப்பிடுங்கள். படம் இல்லையென்றால் பெட்டியின் இரு பாதிகளும் ஒட்டியிருக்கும் விளிம்பைக் காணொளியில் நெருக்கமாகக் காட்டும்படி கேளுங்கள். காட்டத் தயங்கினால் அந்த மாற்றை அத்தோடு விட்டுவிடுங்கள்.